கலியாணத்துக்கு எந்த மெட்டு?



இரண்டு கிழமையாக எமதூர் வட்ஸ்அப் குழுக்களில் 38 விநாடி நீளமான வீடியோ ஒன்று சுற்றுகிறது. தேவாலயம் ஒன்றின் சுவரோரமாக நின்று ஒருவர் கிளாரினட் வாசிக்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது. ஊருக்கு ஆளை அடையாளம் காணப் பாதி முகம் போதும். அதற்குக் கீழே வந்த குரல் பதிவுகளையும் கேட்டோம். "பள்ளியில முன் சஃபில நிக்கிறவர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர், சேர்ச்சுக்குள்ள போய்க் குழல் ஊதுறார்" என்று ஒரு காக்கா வருத்தப்பட்டிருந்தார். கோபப்பட்டவர்களைவிட வருத்தப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வாசித்தவர் ஒருவர். எதை வாசிப்பது, எதை விடுவது என்று மூன்று கிழமை தலையைப் போட்டு உடைத்தவர்கள் மூவர். ஏச்சு மட்டும் வாசித்தவருக்கே போகிறது. அது நியாயமாகப் படவில்லை. ஆகவே இதை மூவருமாகவே எழுதுகிறோம். பதிவு எங்களில் யாருடைய பக்கத்தில் வருகிறது என்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் ஆரம்பப் பிரிவு. மூவரும் ஒரே கலாசாலை, ஒரே விடுதி அறை.

அந்த அறையின் நாலாவது கட்டில் மாப்பிள்ளையுடையது. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேச்சு. பாட்டிக்குக் கோபம் வந்தால் மட்டும் போர்த்துக்கேயம் வெளியே வரும் என்பான். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எங்களுக்காக அலாரம் வைத்து எழுப்பியவன் அவன்தான். எங்கள் மூவரில் ஒருவர்கூட முதல் அலாரத்துக்கு எழும்பும் ரகம் இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு சில கிழமைகள் நாங்கள் அவனுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. சீயோன் தேவாலயம் அவனுடைய வீட்டிலிருந்து தூரமில்லை. எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தோம். நோன்புப் பெருநாள் காலையில் அவனே எடுத்தான். வட்டிலப்பம் எங்கே என்று கேட்டான். வேறு ஒன்றும் பேசவில்லை.

அப்படிப்பட்டவன் போன மார்கழியில் எடுத்து, "மச்சான், தை மாசம் கலியாணம். மூண்டு பேரும் வரணும், கிளாரினட்டும் வரணும். என்ன வாசிக்கிறதெண்டு நீங்களே பாருங்க" என்றான். அந்தக் கடைசி வசனம்தான் எங்களை மூன்று கிழமை தூங்க விடவில்லை.

கிளாரினட் எப்படி எங்களிடம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணித ஆசிரியர் சிறுவயதில் கொழும்பில் படித்தவர். அங்கே பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினட் பிடித்தவர். கலாசாலை விடுதியில் அவர் அதை எடுத்தால் பக்கத்து அறைக் கதவுகள் சாத்தப்படும். எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு, எது நல்லாயிருக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே பிசகுகிறார் என்பது மட்டும் தெரியும். இசை தெரிவு செய்யும் வேலைக்கு அது ஒன்றும் குறைந்த தகுதி இல்லை என்று இப்போது நினைக்கிறோம்.

முதலில் மார்க்க விடயம். நாங்கள் ஃபத்வா சொல்லும் ஆட்கள் இல்லை. இசைக் கருவிகள் கூடாது என்பதுதான் நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மைக் கருத்து என்பதை மறைக்கவும் இல்லை. இமாம் கஸ்ஸாலீ, இப்னு ஹஸ்ம் போன்றவர்கள் வேறு விதமாகப் பார்த்ததும் பதிவில் இருக்கிறது. நம்முடைய மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கும் மின்ஹாஜ் என்ற ஷாபிஈ மத்ஹபு நூலிலேயே, நாணற் குழல் பற்றி இமாம் ராஃபிஈ ஆகும் என்று எடுத்த முடிவும், இமாம் நவவீ அதை ஏற்காமல் கூடாது என்பதே சரி என்று சொன்னதும் அடுத்தடுத்து நிற்கின்றன. கிளாரினட் எந்தப் பக்கம் விழும் என்பதை மௌலவிமார் சொல்லட்டும். கூடாது என்று நம்பி ஒதுங்குபவரை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் உம்மாமாரே அப்படித்தான்.

ஆனால் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. ஆயிஷா நாயகி ஒரு பெண்ணை அன்ஸாரி ஒருவருக்கு மணமுடித்து அனுப்பி வைத்தபோது, அன்ஸாரிகளுக்குக் கேளிக்கை பிடிக்குமே, ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லையா என்று நபிகளார் விசாரித்ததாக புகாரீயில் வருவது. அதை எடுத்தால் உடனே தஃப் மட்டும் ஆகுமா, வேறும் ஆகுமா என்ற வாதத்துக்குப் போய்விடுகிறோம். அங்கே கேட்கப்பட்டது இன்னொன்றும் அல்லவா? அந்தப் பெண் போய்ச் சேரும் வீட்டு மக்களுக்கு எது பிடிக்கும் என்பது. அந்தக் கேள்வியை நம்முடைய கலியாணங்களில் கடைசியாகக் கேட்டவர் யார்?

நாங்கள் எங்களுக்குள் முதலில் போட்டுக்கொண்டது ஒரு நிபந்தனை. திருப்பலியின் பகுதியாக வரும் வழிபாட்டுக் கீதங்களை வாசிப்பதில்லை. அது அவர்களுடைய இபாதத். அதில் எங்களுக்கு இடமில்லை, அதை எங்கள் கையால் செய்வது எங்கள் ஈமானுக்கும் சரிவராது, அவர்களுடைய வழிபாட்டுக்கும் மரியாதை இல்லை. இதைச் சொன்னால் நண்பன் மனம் நோவான் என்று பயந்தோம். அவன் சிரித்தான். "நாலு வருசமா உங்களோட கிடந்தவன், இது தெரியாதா?" என்றான். பாதரிடம் அவனே பேசி மூன்று இடம் வாங்கித் தந்தான். மணமகள் வாசலிலிருந்து வரும்போது, பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்போது, எல்லாம் முடிந்து வெளியே போகும்போது. பாதர் தன் பக்கமும் ஒரு நிபந்தனை வைத்தார். சினிமாப் பாட்டு ஒன்றும் தேவாலயத்துக்குள் கூடாது.

மௌலவி சொல்வதற்கும் பாதர் சொல்வதற்கும் நடுவில் கிடைத்த அந்த மூன்று இடங்களுக்குத்தான் மூன்று கிழமை.

எங்கள் முதலாவது பட்டியலை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கணித ஆசிரியர் தன் விரல் வேகத்தைக் காட்டக்கூடியதாக ஜேர்மன் இசையமைப்பாளர் வேபர் 1811இல் கிளாரினட்டுக்காக எழுதியவற்றில் ஒன்றைச் சொன்னார். 1924இல் கேர்ஷ்வின் எழுதிய 'றப்சொடி இன் புளூ'வின் தொடக்கத்தில் கிளாரினட் ஒரு வழுக்கலாக மேலே ஏறுமே, அதோடு மணமகளை உள்ளே கொண்டுவரலாம் என்றார். கேட்டுப் பார்த்தோம். மணமகள் வருவதுபோல் இல்லை, சர்க்கஸ் தொடங்குவதுபோல் இருந்தது. கலியாணத்தில் வாசிப்பவன் தன்னைக் காட்டக் கூடாது என்று தமிழ் ஆசிரியர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருவரும் பேசவில்லை என்பது வேறு கதை.

பிறகு எல்லாருக்கும் தெரிந்த இரண்டுக்கு வந்தோம். மணமகள் வரும்போது வாக்னரின் மெட்டு, போகும்போது மெண்டல்சோனின் கலியாண அணிவகுப்பு. ஆங்கிலப் படங்களில் வரும் கலியாணம் எல்லாவற்றிலும் இவைதான். 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கலியாணத்தில் இவை இரண்டும் வாசிக்கப்பட்ட பிறகுதான் உலகமெல்லாம் இது ஒரு வழக்கமாகப் பரவியது. வாக்னரின் மெட்டு 'லோஹென்கிறின்' என்ற இசை நாடகத்தில் வருவது. அந்த நாடகத்தில் அந்தப் பாட்டுக்குப் பின் மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றிரவே பிரிந்து விடுகிறார்கள்! கதை தெரிந்த பிறகு அதை வாசிக்க மனம் வரவில்லை. மெண்டல்சோனுடையது பித்தளை வாத்தியங்கள் முழங்க வேண்டியது. ஒற்றைக் கிளாரினட்டில் வாசித்துப் பார்த்தோம். யானைக்குப் பதிலாகக் கோழி பிளிறியதுபோல் இருந்தது. அதைத் தேவாலயத்துக் கீபோட் வாசிப்பவரிடமே விட்டுவிட்டோம். அதாவது கிடைத்த மூன்று இடங்களில் ஒன்றை நாங்களாகவே திருப்பிக் கொடுத்தோம். வாசிக்காமல் இருக்கத் தெரிவதும் இதில் ஒரு வேலை.

மாப்பிள்ளையின் மச்சாள்மார் பாக்கின் பிரபலமான ஒரு மெட்டைக் கேட்டார்கள், 'ஜேசு, மனிதனின் மகிழ்ச்சி' என்ற பொருளில் பெயர் கொண்டது. மிக அழகானது, கிளாரினட்டுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் அது இயேசுவைப் புகழும் கீதம். சொல் இல்லாமல் வெறும் மெட்டாக வாசித்தால் கீதமா, இல்லையா? ஓர் இரவு முழுக்க வாதாடினோம். கேட்பவர்கள் மனதில் சொல் ஓடுமல்லவா, அப்படியென்றால் அது வெறும் மெட்டு இல்லை என்பதில் முடிந்தது. மணமகளின் மாமா ஒருவர் வேறு பக்கம் இழுத்தார். கிளாரினட் என்றால் ஏ.கே.சி. நடராஜன்தான் என்றார். திருச்சியிலிருந்து கர்நாடக சங்கீதத்தைக் கிளாரினட்டில் கொண்டுபோனவர், 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாமா சொன்னது சரிதான், ஆனால் கணித ஆசிரியருக்குக் கமகம் வராது. தெரியாததைக் கலியாண வீட்டில் பழகக் கூடாது.

கடைசியில் மணமகள் வருகைக்கு மொஸார்ட்டின் கிளாரினட் கொன்சேர்ட்டோவின் நடுப் பகுதி, அடாஜியோ. 1791இல், தான் இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், அன்ரன் ஸ்டாட்லர் என்ற கிளாரினட் வாசிக்கும் நண்பருக்காக அவர் எழுதி முடித்தது. நண்பனுக்காக எழுதப்பட்டது என்பதே எங்களுக்கு ஒரு காரணமாக இருந்தது. இன்னொரு காரணம் அளவு. கிளாரினட் ஏறத்தாழ அரை நிமிடம் வாசிக்கும், அதே மெட்டை மற்ற வாத்தியங்கள் இன்னொரு அரை நிமிடம் திருப்பிச் சொல்லும், பிறகு மறுபடி கிளாரினட். ஒரு பின்னேரம் நாங்கள் மூவரும் வெறும் தேவாலயத்தில் வாசலிலிருந்து பீடம் வரை மணமகள் நடையில் நடந்து பார்த்தோம். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கூட்டிப் பெருக்க வந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

இதில் ஒரு சிக்கல். மொஸார்ட் எழுதியது ஏ கிளாரினட்டுக்கு. எங்களிடம் இருப்பது பாடசாலைகளில் வழமையாக இருக்கும் பி பிளட் கிளாரினட். அதே தாளைப் பார்த்து இதில் வாசித்தால் சுருதி அரைப் படி மேலே போய்விடும். கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு படி ஏற்றி விட்டால் தீர்ந்தது. இந்த ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு நாள். அதோடு கிளாரினட் சூடானால் சுருதி ஏறும், கீபோட் ஏறாது. தை மாதத்திலும் தேவாலயத்துக்குள் ஐந்நூறு பேரும் கதவடைத்த வெக்கையும். ஊதும் பகுதிக்குக் கீழுள்ள சிறு குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். மின்விசிறிக் காற்று நேரே பட்டால் றீட் என்கிற நாணல் கீற்று காய்ந்து கீச்சிடும். இவற்றையெல்லாம் ஏன் எழுதுகிறோம் என்றால், 38 விநாடி வீடியோவில் இவை தெரியாது.

இனி இரண்டாவது இடம். கையெழுத்து வைக்கும் நேரம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளையின் தகப்பன் இல்லை. டச்பாரில்தான் அவர்களுடைய பழைய வீடு இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை அந்தப் பகுதியில் எத்தனை பறங்கியர் குடும்பங்கள் போயின என்பதை மட்டக்களப்பில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் போனதை நமக்கும் சொல்லத் தேவையில்லை. கலாசாலையில் முதல் வருடம், டிசம்பர் 26 அன்று, அறையில் நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவருடைய மூத்தம்மாவும் அதே காலையில்தான் போனார்.

தகப்பன் இலங்கை வானொலி ஆங்கிலச் சேவை கேட்டு வளர்ந்தவர். அவர் எப்போதும் ஒரு மெட்டை விசிலடிப்பார் என்றும் அது கிளாரினட் மெட்டு என்றும் நண்பன் கலாசாலையில் சொல்லியிருக்கிறான். பெயர் அவனுக்குத் தெரியாது. விசிலடித்துக் காட்டினான். அதைத் தேடிக் கண்டுபிடித்தோம். 'ஸ்ட்ரேஞ்சர் ஒன் த ஷோர்'. ஆக்கர் பில்க் என்ற ஆங்கிலேயர் 1961இல் வெளியிட்டது. முதலில் தன் மகள் ஜெனியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார். பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு எடுக்கப்பட்டபோது பெயர் மாறியது. அடுத்த வருடம் அமெரிக்காவிலும் முதலிடம். பெரிய கஷ்டமான இசை இல்லை. கிளாரினட்டின் அடிக் குரலில், நிதானமாக, பின்னேரக் கடற்கரைபோல் போகும்.

பெயரைக் கேட்டவுடன் மூவரும் சற்று நேரம் சும்மா இருந்தோம். கரையில் நிற்கும் அந்நியன் என்றல்லவா அர்த்தம்.

வாசிக்கலாமா? ஆரம்பப் பிரிவு ஆசிரியர், சொல்லாமல் வாசிப்போம், எதிர்பாராமல் கேட்டால் சந்தோசப்படுவார்கள் என்றார். தமிழ் ஆசிரியர், சந்தோச நாளில் ஒரு தாயை எல்லார் முன்னும் அழ வைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார். இரண்டும் நியாயம். இப்போதெல்லாம் கலியாண வீடுகளில் இந்த 'சப்ரைஸ்' என்பது ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. ஆளை அழ வைத்து வீடியோ எடுப்பது. அதில் சேரக் கூடாது என்று முடிவெடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம்.

அன்டி தேத்தண்ணி வைத்துத் தந்து கேட்டுக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர் கைத்தொலைபேசியில் மெட்டைப் போட்டார். அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மகன், அந்தாளுக்கு இதில பாதிதான் தெரியும். இந்த ஏறிப் போறது ஒருநாளும் வராது. திரும்பத் திரும்ப முன்னுக்கு வாறதத்தான் அடிப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசியுங்க. ஆனா அவருக்குத் தெரிஞ்சது மட்டும்" என்றார்.

அதைவிடச் சரியான இசைத் தீர்ப்பு ஒன்றை நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் வாசித்திருந்தால் முழுவதையும் வாசித்திருப்போம். அது ஆக்கர் பில்க்குடைய பாட்டாக இருந்திருக்கும்.

கலியாண நாள். தேவாலய வாசலில் இளைஞர்கள் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். 2019க்குப் பிறகு பல இடங்களில் அப்படித்தான், அவர்களில் பிழை இல்லை. தாடியும் கறுப்புப் பெட்டியுமாக மூன்று பேர் வருகிறோம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கிளாரினட் ஐந்து துண்டாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். கறுப்புக் குழாய்களும் வெள்ளைத் திறப்புகளும். அந்தத் தம்பி அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். கைகள் வியர்த்தன. மூவரில் எவரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே இருந்து அன்டி, செருப்பும் போடாமல், புதுச் சேலை தடுக்கத் தடுக்க ஓடி வந்தார். "அது எங்கட பிள்ளையள்" என்றார். தம்பி பெட்டியைத் தானே மூடித் தந்தான்.

வழிபாடு நடந்த நேரம் நாங்கள் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். மொஸார்ட் பரவாயில்லை. மணமகள் ஒத்திகையைவிட வேகமாக வந்துவிட்டார், இரண்டாம் முறை வாசிக்க வேண்டி வரவில்லை. கையெழுத்து நேரத்தில் தகப்பனுக்குத் தெரிந்த பாதியை இரண்டு தரம் வாசித்து, ஏறிப் போகும் இடத்துக்கு முன் நிறுத்தினார். பெரும்பாலானோருக்கு அது வெறும் பின்னணி. முன் வரிசையில் அன்டி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் பேனை பிடிக்க முடியவில்லை. சுற்றித் திரியும் 38 விநாடி அந்த நேரத்தில் எடுத்ததுதான்.

மாலையில் விருந்து. குடிவகை வைத்த மேசைப் பக்கம் எங்களை இருத்தாமல் பார்த்துக்கொண்டார்கள், காத்தான்குடியிலிருந்து தனியாகச் சோறு எடுப்பித்திருந்தார்கள். அதைக்கூட ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கபரிஞ்ஞா தொடங்கியது. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழவர் ஒருவர் வயலினைக் கையில் எடுக்க, இன்னொருவர் றபானைத் தட்ட, ஆறெட்டுத் தாளத்தில் சோடி சோடியாக ஆடுவார்கள். நாங்கள் ஆடவில்லை, வாசிக்கவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கிளாரினட்டுக்கு இடமில்லை, அவர்களிடம் வேண்டியது எல்லாம் இருந்தது. ஆனால் அந்த றபானைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சின்ன வயதில் எங்களூரில் பக்கீர்மார் பைத் சொல்லிக்கொண்டு வீடு வீடாக வரும்போது கையில் இருந்த அதே றபான்.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். கிளாரினட்டைத் துருக்கியில் கலியாண வீட்டு வாத்தியமாக வைத்திருப்பவர்களும் முஸ்லிம்கள்தான். உஸ்மானிய சுல்தானின் இராணுவ பாண்டோடு 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன கருவி அது. முஸ்தபா கந்திராலி என்ற கிளாரினட் மேதை 2020இல் காலமானார். திரேஸ் பகுதிக் கலியாணங்களில் இன்றும் ஒன்பது தட்டுத் தாளத்தில் கிளாரினட் இல்லாமல் முடியாது. இதை ஆதாரமாகக் காட்டி எங்களை நியாயப்படுத்த வரவில்லை. துருக்கியில் செய்வதெல்லாம் நமக்கு மார்க்கம் இல்லை. அங்குள்ளவர்கள் தங்கள் கலியாணத்துக்கு எது பொருத்தம் என்று தேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காகத்தான் சொல்கிறோம்.

நம்முடைய கலியாண ஹோல்களில் என்ன நடக்கிறது? மாப்பிள்ளை வரும்போது புகை விடுகிறார்கள், வாணம் கொளுத்துகிறார்கள், ஏதோ ஒரு சினிமாவில் கதாநாயகன் அறிமுகமாகும் இசை நெஞ்சு அதிர ஒலிக்கிறது. சில படங்களில் அது வில்லனுக்கான இசை என்பதுகூடத் தெரியாமல்! யார் தெரிவு செய்தது? மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, வாப்பா இல்லை, மாமா இல்லை. வீடியோ எடுக்கும் தம்பி. அவனுடைய பென் டிரைவில் இருந்தது. இசை ஹறாம் என்று குத்பாவில் கேட்டுவிட்டு வந்த நாமே அந்த ஹோலில் புரியாணிச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கத்திக் கத்திச் சுகம் விசாரிக்கிறோம். ஒரு குரல் பதிவும் வருவதில்லை.

கூடாது என்று நம்புபவர்கள் அந்த ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வதில்லை. கூடும் என்று நம்புபவர்கள் எதைப் போடுவது என்று யோசிப்பதில்லை. கூடுமா, கூடாதா என்ற முதற் கேள்வியிலேயே நாற்பது வருடமாக நின்று சண்டை பிடிக்கிறோம். பொருத்தமா, யாருடைய காதுக்கு, எந்த நேரத்துக்கு, எவ்வளவு சத்தத்தில் என்ற கேள்விகள் நம்முடைய ஊரில் அநாதையாகக் கிடக்கின்றன. அந்த இடத்தைப் பென் டிரைவ் பிடித்துக்கொண்டது.

முன்னர் அப்படி இருக்கவில்லை. கிழக்கில் நம்முடைய கலியாண வீடுகளில் பெண்கள் குரவை இட்டார்கள். கவி சொன்னார்கள். பொல்லடி இருந்தது. எந்த இடத்தில் குரவை, எந்த இடத்தில் அமைதி, எந்த வீட்டில் அண்மையில் மையித்து விழுந்திருப்பதால் குரவையே வேண்டாம் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை யாரும் ஹறாம் என்று தடுத்து நிறுத்தியதாக எங்களுக்கு நினைவில்லை. யாரும் அவர்களிடம் கேட்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

காக்காவின் குரல் பதிவுக்கு எங்கள் பதில் இதுதான். நீங்கள் எங்களை ஏசலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மார்க்க ரீதியாகத் தவறென்றால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம். ஆனால் அந்த வீடியோவைப் பகிரும்போது, கையெழுத்து வைக்க முடியாமல் நிற்கும் அந்த மாப்பிள்ளையின் முகத்தை வெட்டிவிட்டுப் பகிருங்கள். அது அவனுடைய வாப்பாவுக்கும் அவனுக்கும் இடையில் உள்ள விடயம்.

எங்களில் ஒருவருடைய தங்கைக்கு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். கிளாரினட் இல்லை, உம்மாவுக்கு விருப்பமில்லை. அதில் பேச்சே இல்லை, அவருடைய வீடு, அவருடைய மகள். ஸ்பீக்கரும் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டாரோடு பேசி முடித்தாயிற்று. தங்கையிடமே கேட்டோம், உனக்கு என்ன வேணும் என்று. மூத்தம்மா சுனாமிக்கு முதல் யாரோ வீட்டுக் கலியாணத்தில் குரவை இட்டுக் கவி சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறதாம். சொற்கள் நினைவில்லை, ராகம் கொஞ்சம் நினைவிருக்கிறதாம்.

கடற்கரைப் பக்கத்து வட்டாரங்களில் அந்தக் கலியாணக் கவி தெரிந்த பெரியவர்கள் யாராவது இன்னும் இருந்தால், அல்லது உங்கள் வீட்டு உம்மம்மாவுக்குப் பாதியாவது தெரியும் என்றால், இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள். தங்கையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வருகிறோம். பதிவு செய்யவோ பேஸ்புக்கில் போடவோ மாட்டோம். அசருக்குப் பிறகு எந்த நாளும் சரி.